மறுகாவும் மறுகரையும்

1

என் இணையத்தளத்துக்குப் போன மாதம் வந்து போனவர்களில் பெரும்பாலானோர் மனிதர்கள் அல்லர் என்று என் மகள் அஸ்ரா அறிவித்தாள். லெஸ்டர் நகரத்து டிசம்பர்க் காலை. வெளியே வெளிச்சம் வருவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. நான் தேநீரை வைத்துவிட்டுக் கேட்டேன்:

"அப்ப ஆரு மகள் வந்தது? ஜின்னா?"

"மெஷின் வாப்பா. சைட்டுக்குள்ள வந்து எல்லாத்தையும் வாசிச்சிட்டுப் போகுது."

"வாசிச்சிட்டு ஒண்டும் சொல்றல்லயா?"

"உங்களுக்குச் சொல்லாது. மத்தவங்களுக்குச் சொல்லும்."

அந்தத் தளத்தை நான் தொடங்கியது சுனாமி அலை வந்து போன அடுத்த வருடம். சாய்ந்தமருது, கல்முனை, மருதமுனை என்று இலங்கையின் கிழக்கே எங்கள் கரையில் நடப்பதை வெளிநாடுகளில் சிதறிக் கிடக்கும் எங்கள் ஆட்களுக்குச் சொல்வதற்காக. பள்ளிவாசல் கூட்டம், பரீட்சைப் பெறுபேறு, கைத்தறிச் சாரன் விலை, வயலுக்குத் தண்ணீர் திறந்த செய்தி எல்லாம் போட்டேன். மௌத்து அறிவித்தலுக்குத்தான் கூட்டம் அலைமோதும். ஊரில் யார் இறந்தாலும் டோஹாவிலும் மெல்பேர்னிலும் என் பக்கத்தைத் திறந்துதான் 'இன்னாலில்லாஹி' சொல்வார்கள். பிறகு வட்ஸப் வந்தது. இப்போது ஆள் ஆஸ்பத்திரியில் கண்ணை மூடுமுன்பே துஆ வந்துவிடுகிறது. என் பக்கம் வெறிச்சோடியது.

அஸ்ராவின் தொழிலே மற்றவர்களின் தளங்களை வளர்த்துக் கொடுப்பதுதான். எங்கள் ஊரில் ஆடு வளர்ப்பார்கள், கோழி வளர்ப்பார்கள். இங்கே இதை வளர்க்கிறார்கள், இதற்குத் தீவனமும் உண்டு. அவள் எனக்கு விளக்கினாள்: இப்போது யாரும் தளத்துக்கு வருவதில்லை, கேள்வியைக் கேட்டால் பதில் மேலேயே வந்துவிடுகிறது, அந்தப் பதிலைச் சொல்லும் மெஷின் அதைப் பொறுக்கி எடுப்பது என்னைப் போன்றவர்களின் பக்கங்களிலிருந்துதான். அதாவது நான் சமைக்கிறேன். மெஷின் பின்வாசலால் வந்து ருசி பார்த்துவிட்டுச் சந்தியில் சொந்தக் கடை போட்டிருக்கிறது.

அதில் எனக்குக் கோபம் வரவில்லை. வேறு ஒன்றுதான் உறுத்தியது. பூட்டிக் கிடக்கும் வீடு என்று நான் நினைத்திருந்த இடத்தில் நாள் முழுக்க நடமாட்டம். அறை அறையாகத் திறந்து, எதையும் தொடாமல், ஒரு சொல்லும் பேசாமல் யாரோ போய் வந்திருக்கிறார்கள்.

2

அஸ்ராவின் தமிழ் விசித்திரமானது. ஊருக்குப் போனது மிகச் சில தடவைகள்தான். ஆனால் வாயைத் திறந்தால் என் உம்மாவின் காலத்துச் சொற்கள் வரும், ஆங்கில ராகத்தில். அவளுக்குத் தமிழ் என் வாயிலிருந்தும் அவள் உம்மாவின் வாயிலிருந்தும் மட்டுமே கிடைத்தது என்பதால் அப்படி. எழுத்து மட்டும் வராது. என் தளத்தின் தலைப்பைக்கூட அவள் ஒரு படத்தைப் பார்ப்பதுபோலத்தான் பார்ப்பாள்.

"மெஷின் வாசிக்கிறதெண்டா மெஷினுக்கு விளங்குற மாதிரி எழுதோணும் வாப்பா. பழைய பேஜ் எல்லாம் கரைச்சல்."

"மனிசருக்கு விளங்கினதே?"

"மனிசர் எங்க வாறாங்க?"

அவள் தளத்துக்குள் ஓர் உதவியாளைப் பொருத்திவிட்டாள். ஆள் என்றால் ஆள் இல்லை, அதுவும் மெஷின். பழைய பக்கங்களை எல்லாம் அது திருத்தி நல்ல தமிழாக்கும், நான் சரி என்று அமத்தினால் போதும். அது எழுதித் தந்த தமிழைப் பார்த்தேன். குளித்து, பவுடர் பூசி, கல்யாண வீட்டுக்குப் புறப்பட்ட தமிழ். நான் பரட்டைத் தலையோடு வாசலில் நிற்பதுபோல இருந்தது.

இரண்டு நாள் போயிருக்கும். டொரன்டோவிலிருந்து சந்திரன் போன் எடுத்தான். பாண்டிருப்புக்காரன், என்னோடு ஒரே வகுப்பில் படித்தவன். மனித வாசகர்களில் எஞ்சியிருப்பவன்.

"டேய், எப்ப தொட்டு இது? பள்ளிவாசல் நிருவாகக் கூட்டத்துக்கு எங்கட முருகனையும் கூப்பிட்டிருக்கீங்க?"

"என்னடா கதைக்கிறாய்?"

"'அஸர் தொழுகைக்கு, மருகா, கூட்டம் நடைபெற்றது' எண்டு போட்டிருக்கு. கோயில்ல நாங்க கூப்பிடுற மால் மருகா. வேலோட வந்தவரா, சும்மா வந்தவரா?"

"அந்தச் சபையில எல்லாரும் வேலோடதான்ரா வாறாங்க."

சிரித்து முடித்துவிட்டுத் தேடிப் பார்த்தேன். நான் எழுதியிருந்தது 'அசருக்கு மறுகா கூட்டம் நடந்தது'. மறுகா என்றால் எங்கள் பக்கத்தில் 'பிறகு'. மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் வரைக்கும் இந்தச் சொல் இல்லாமல் ஒரு கதையும் நகராது. சாப்பிட்டு மறுகா வாறன், மறுகா என்ன நடந்த, மறுகா பாப்பம். கடைசியாகச் சொன்னது நடக்காது என்று அர்த்தம்.

உதவியாளுக்கு எழுதினேன்: 'மறுகா என்பது மருகா அல்ல. இங்கே வருவது வல்லின றகரம். முருகனுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. எல்லாப் பக்கங்களிலும் திருத்துக.'

அது உடனே மன்னிப்புக் கேட்டது. மிக நுட்பமான அவதானம் என்று என்னைப் பாராட்டியது. எனக்குக் கல்யாணமாகி இத்தனை வருடத்தில் எவரும் என்னிடம் இவ்வளவு விரைவாகப் பிழையை ஒப்புக்கொண்டதில்லை. மயங்கிவிட்டேன். மயக்கத்தில் ஒன்றை விட்டுவிட்டேன். மறுகா எது அல்ல என்று சொன்னேனே தவிர, எது என்று சொல்லவில்லை. அதைத் தெரியாத ஒரு ஜீவன் உலகத்தில் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எங்கள் ஊரில் எவருக்கும் தோன்றாது.

'அனைத்தையும் ஏற்றுக்கொள்' என்றொரு பொத்தான் இருந்தது. அமத்திவிட்டு வேலைக்குப் போனேன்.

3

என் அக்காவை நான் ராத்தா என்பேன்; அவளுடைய மூத்த மகள் பெயர் சில்மியா.

நான் ஊருக்குப் போன் எடுத்தால் முதலில் ஓடிவந்து தூக்குகிறவள் அவள்தான். சலாம் சொல்லி முடிக்குமுன் கேள்வி வரும். "மாமா, பனியச் சீனி போட்டுத் திங்கலாமா?" "மாமா, அங்க நாய்க்கும் இங்கிலீஸ் தெரியுமா?" போன் காசு ஏறுதே என்று ராத்தா பறிக்கும்வரை விடமாட்டாள்.

அலை வந்த அன்று காலையில் அவள் சாய்ந்தமருதுத் தோணாப் பாலத்தடியில் கூட்டாளிப் பிள்ளைகளோடு நின்றிருக்கிறாள். தோணா என்பது கடலிலிருந்து ஊருக்குள் நுழைந்து கிடக்கும் ஓடை. அதன் பாலத்தில் அவளைக் கண்டதாகச் சிலர் சொன்னார்கள். அதற்குப் பிறகு யாரும் காணவில்லை. ராத்தாவின் மாமியையும் வேறு இரண்டு சொந்தங்களையும் எடுத்து அடக்கினார்கள். சில்மியாவின் உடல் கிடைக்கவில்லை. வீட்டோடு படங்களும் போய்விட்டன.

தளம் தொடங்கியதும் நான் முதலில் போட்ட பக்கங்களில் ஒன்று அவளுடையது. ராத்தா போனில் சொல்லச் சொல்ல அப்படியே எழுதினேன். ஓர் எழுத்தைத் திருத்தவும் எனக்கு மனம் வரவில்லை. அதில் கடைசி இரண்டு வரி: 'வெள்ளம் வந்த நேரம் தோணாப் பாலத்தடியில கண்டவங்க இரிக்காங்க. மறுகா ஆரும் கண்டா அறிவிக்கவும்.'

யாரும் அறிவிக்கவில்லை. அந்தப் பக்கம் அப்படியே கிடந்தது.

இறந்தவர்களின் பெயரில் கத்தம் ஓதலாமா கூடாதா என்பதில் எங்கள் ஊர் இரண்டு பட்டுக் கிடக்கிறது. ராத்தாவின் வீடு ஓதுகிற வீடு. ஒவ்வொரு வருடமும் அலை நாளில் லெவ்வை வருவார், ஓதுவார், துஆவுக்கு முன் யார் யார் பெயருக்கு என்று கேட்பார். ராத்தாவின் கணவரான மச்சான் சொல்வார், தன் உம்மாவின் பெயர், மற்ற இருவரின் பெயர். அதோடு நிறுத்திக்கொள்வார். மூன்று பெயர்தான் என்று ராத்தா உள்ளறையிலிருந்து காதைத் தீட்டிக்கொண்டிருப்பாள். நாலாவது பெயரைச் சொன்னால் நாலாவது மௌத்தை ஒத்துக்கொண்டதாகிவிடும். இருபது வருடத்துக்கு மேலாக இப்படி. அந்தப் பெயரை மெல்ல மெல்ல வீட்டிலேயே யாரும் சொல்வதில்லை என்றாகியது. 'அந்தப் புள்ள' என்போம். 'அந்த விசயம்' என்போம்.

இந்த வருடம் நவம்பரில் மச்சான் எனக்குப் போன் எடுத்தார். கமுக்கமாகக் கதைத்தார், பக்கத்தில் யாரோ தூங்குவதுபோல.

"தம்பி, ராத்தா ஓமெண்டுட்டா. இந்த முறை அந்தப் புள்ளட பேரையும் குடுப்பம் எண்டு அவதான் சொன்ன."

"நீங்க என்ன சொன்ன மச்சான்?"

"நான் ஒண்டும் சொல்லல்ல. மூச்சும் உடல்ல."

4

நான் வேலை செய்வது ஒரு பொது நூலகத்தில். புத்தகம் கொடுத்து வாங்குவதை இயந்திரங்கள் பார்த்துக்கொள்கின்றன. இயந்திரங்களோடு சண்டை பிடிப்பவர்களை நான் பார்த்துக்கொள்கிறேன். அந்தப் பொத்தானை அமத்திச் சில நாள் போய், ஒரு மதியம் ஊழியர் அறையில் பாண் தின்றுகொண்டிருந்தபோது ராத்தா எடுத்தாள். அங்கே மஃரிப் தொழுகைக்கு முந்திய மாலை நேரம்.

"தம்பி, ஏன்டா எனக்கிட்டச் சொல்லல்ல?"

"எத ராத்தா?"

"அவளக் கண்டிரிக்காங்க எண்டு."

பாணைக் கீழே வைத்தேன்.

"ஆரு சொன்ன?"

"போன்தான் சொன்ன. இப்ப கேட்டா வாயால மறுமொழி சொல்லுதே, அதுக்கிட்ட நான் சும்மா கேட்டுப் பாத்தன். சில்மியா தோணாப் பாலத்தடியிலயும் மறுகரையிலயும் காணப்பட்டதா அறிவிச்சிரிக்காம். ஆருடா அறிவிச்ச எண்டு கேட்டன். உன்ட வெப்சைட்டாம். கேக்குதா?"

"ஓம் ராத்தா."

"நீ போட்டதா?"

"ஓம்... இல்ல... ஓம் ராத்தா, நான் பாத்துச் சொல்றன். ஓம்... ஓம்."

எங்களோடு வேலை செய்யும் பெண்ணொருத்தி யோகாவுக்குப் போகிறவள். என் ஓங்காரத்தைக் கேட்டுக் கைகூப்பி, அடி மேல் அடி வைத்து வெளியே போய்க் கதவை மெதுவாகச் சாத்தினாள். மற்ற நாளில் இதை வைத்து ஒரு வாரம் சிரித்திருப்பேன்.

"லெவ்வைக்குச் சொல்லி உட்டுட்டன்," என்றாள் ராத்தா. "அவட பேரு வேணாமெண்டு. உயிரோட இரிக்கிற புள்ளைக்குக் கத்தம் ஓதின உம்மாவா என்னய ஆக்கப் பாத்தீங்க." வைத்துவிட்டாள்.

தளத்தைத் திறந்தேன். 'அனர்த்தத்தின்போது சில்மியா தோணாப் பாலத்தின் அருகிலும் மறுகரையிலும் காணப்பட்டதாக அறிவிக்கப்பட்டுள்ளது.' நல்ல தமிழ். ஒற்றுப்பிழைகூட இல்லை. 'கண்டால் அறிவிக்கவும்' என்று கெஞ்சிய வரி 'கண்டதாக அறிவிக்கப்பட்டுள்ளது' என்று கம்பீரமாக நின்றது. மருகா இல்லையென்றால் மறுகா என்பது மறுகரையின் குறுக்கமாகத்தான் இருக்க வேண்டும் என்று உதவியாள் முடிவு செய்திருக்கிறது. பாலம் என்று ஒன்று இருந்தால் மறுகரை இருக்கத்தானே வேண்டும். மற்றப் பக்கங்களையும் புரட்டினேன். பள்ளிவாசல் கூட்டம் அஸர் மறுகரையில் நடந்திருந்தது. பாடசாலைப் பரிசளிப்பு, சோறு மறுகரையில் முடிந்திருந்தது. எங்கள் ஊரில் இத்தனை வருடமாக நடந்த எல்லாமே தண்ணீரைக் கடந்து அந்தப் பக்கம் போய்விட்டிருந்தது.

தோணாவின் மறுகரை எனக்குத் தெரியும். இந்தப் பக்கம் நின்று கூப்பிட்டால் அந்தப் பக்கம் கேட்கும்.

5

என் பக்கத்தைத் திருத்த எனக்குச் சில நிமிடமே பிடித்தது. ராத்தாவின் போனுக்குள் இருந்ததைத் திருத்த முடியவில்லை. மெஷின் ஒருதரம் வாசித்ததை மறக்க வைப்பதற்கு எங்கே விண்ணப்பிப்பது? அஸ்ராவைக் கேட்டேன். மாமி மகளான அந்த மச்சியின் பெயரைக்கூட அவளுக்கு நாங்கள் சரியாகச் சொல்லி வைத்திருக்கவில்லை. அன்றுதான் முழுக் கதையையும் கேட்டாள்.

"சொறி வாப்பா. எனக்கு வாசிக்கத் தெரிஞ்சிருந்தா..."

"எனக்கு வாசிக்கத் தெரியுமே மகள். நானே வாசிக்கல்ல."

தளத்துக்கு இடம் தரும் கம்பனியின் உதவிப்பகுதிக்கு எழுதப் போனேன். அங்கேயும் மெஷின். முதலில் நான் மனிதன்தான் என்று நிரூபிக்கச் சொன்னது. சிறு சிறு படங்களைக் காட்டிப் பாலம் உள்ளவற்றைத் தெரிவு செய்யச் சொன்னது. ஒவ்வொரு பாலமாகத் தொட்டேன். ஒன்றில் பாலமா மதகா என்று தெரியவில்லை. தொடாமல் விட்டேன். நான் மனிதன் இல்லை என்று தீர்ப்பாயிற்று. மறுபடி பாலங்கள்.

இதற்கிடையில் வேறொரு தளம் கண்ணில் பட்டது. யார் நடத்துவது என்று தெரியாது, யாருமே நடத்தவில்லை என்றுதான் அஸ்ரா சொல்கிறாள். ஊர் ஊராகப் பக்கங்களை மெஷினே எழுதிக் குவிக்கும் தளம். கல்முனையின் மலைகளைப் பற்றி அதில் ஒரு நல்ல கட்டுரை இருக்கிறது. கல்முனையில் மணல் மேட்டுக்கு மேலான உயரம் எதுவும் கிடையாது. அதே தளத்தில், 'மறுகரையில் ஒரு சிறுமி' என்று என் பக்கத்தை ஊதிப் பெருப்பித்துப் போட்டிருந்தது. மேலே ஒரு படம். ஆற்றங்கரை, பின்னால் அந்த மலை, முன்னால் ஒரு பிள்ளை. மெஷின் வரைந்த முகம். உலகத்தில் எவருடைய முகமும் அல்ல.

இது சில்மியா இல்லை என்று எனக்கு உடனே தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவளுடைய சொந்த முகத்தைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துப் பார்க்க முயன்றேன். அது வரத் தாமதித்தது. குரல் வந்தது, முகம் வரவில்லை. கணினியை மூடிய பிறகும் ஆற்றங்கரைப் பிள்ளைதான் வந்து நின்றாள்.

அந்தத் தளத்துக்கும் எழுதினேன். கனிவான மறுமொழி வந்தது. உங்கள் கருத்து எங்களுக்கு மிக முக்கியம். உலகத்து மன்னிப்பெல்லாம் என் பெட்டியில் வந்து நிறைந்தது. வரி மட்டும் அழியவில்லை.

மச்சான் எடுத்தார். "தம்பி, அவ ஒவ்வொரு நாளும் அசருக்கு மறுகா போனத் தூக்கிட்டுப் பின் வளவுக்குப் போறா. கேக்குறா. அது சொல்லுது. நான் கிட்டப் போனா நிப்பாட்டுறா. எனக்குப் பயமா இரிக்கு."

6

அலை நாளுக்கு முதல்நாள் நானே எடுத்தேன். சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். றகரம், ரகரம், மறுகா, மறுகரை, உதவியாள், பொத்தான். ஒரே மூச்சில் ஒப்புவித்தேன். ராத்தா குறுக்கிடாமல் கேட்டாள்.

"முடிஞ்சா?"

"ஓம்."

"இத நீ எனக்கு விளங்கப்படுத்தணுமாடா? மறுகா எண்டது என்ட வாயால வந்த சொல்லு. அண்டைக்கு உனக்கு ஏசிப் போன வெச்சிட்டுக் கொஞ்ச நேரத்தில எனக்கு விளங்கிட்டு. மறுகரையில ஆரு இரிக்காங்க எண்டு எனக்குத் தெரியாதா? நான் போய்ப் பாக்காத ஊடா? ஒவ்வொரு ஊட்டுக்குள்ளயும் போய்ப் பாத்தவள் நான்."

"மறுகா ஏன் ராத்தா ஒவ்வொரு நாளும் அதுக்கிட்டக் கேக்குறீங்க?"

"அவட பேரச் சொல்லுதே."

தூரத்தில் மோட்டார் சைக்கிள் ஒன்று போகும் சத்தம் கேட்டது.

"உங்கட மச்சான் சொல்றல்ல, எனக்கு நோகுமெண்டு. புள்ளையள் சொல்றல்ல. நீ இவ்வளவு நேரமும் கதைச்சாய், ஒருக்கா சொன்னியா? அந்தப் புள்ள, அந்தப் புள்ள எண்டாய். நான் பெத்துப் பேரு வெச்ச புள்ளைடா அது. போனுக்கிட்டக் கேட்டா, சில்மியா எண்டு தெளிவாச் சொல்லுது. பொய்தான் சொல்லுது. எண்டாலும் பேரு சரி."

"ராத்தா..."

"நாளைக்கு லுஹர் தொழுகைக்கு மறுகா லெவ்வை வருவாரு. பேரு கேப்பாரு. மச்சானால ஏலா. வாயத் தொறந்தா அழுதிடுவாரு. நீ சொல்லு. போனப் பக்கத்தில வெப்பம்."

"நானா?"

"நீதானே ஊருக்கெல்லாம் மௌத்து அறிவிச்ச ஆள்."

7

இங்கே அது விடியற்காலை. குசினி மேசையில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அஸ்ரா சால்வையைத் தலையில் போட்டுக்கொண்டு வந்து பக்கத்தில் இருந்தாள், நான் கூப்பிடவில்லை. ஓதும் சத்தம் விட்டு விட்டு வந்தது. அங்கே வெயில் என்பது சத்தத்திலேயே தெரிந்தது. காகங்கள், பின்னால் ஒரு மின்விசிறி.

ஓதி முடிந்தது. மச்சான் மூன்று பெயரையும் சொன்னார். பிறகு போனை அருகில் நகர்த்தும் சரசரப்பு.

"மற்றது?" என்றார் லெவ்வை.

எத்தனையோ பேரின் மௌத்தைத் தட்டச்சு செய்த கைகள் மேசையில் கிடந்தன. இது வாயால் சொல்ல வேண்டியது.

"சில்மியா," என்றேன்.

"என்ன? கேக்கல்ல. சல்மாவா?"

"சில்மியா."

"சல்மியா?"

லைன் இழுத்துக்கொண்டு நின்றது. நான் மறுபடி சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் உள்ளறையின் திரைக்குப் பின்னாலிருந்து ராத்தாவின் குரல் வந்தது. மகளின் பெயரைப் பள்ளிக்கூட இடாப்பில் பிழையாக எழுதிவிட்ட வாத்தியாரிடம் போய் நிற்கும் தாயின் குரல் அது.

"சல்மாவுமில்ல, சல்மியாவுமில்ல. சில்மியா. பாத்திமா சில்மியா. என்ட மூத்த மகள்."

லெவ்வை அந்தப் பெயரை அவள் சொன்னபடியே திருப்பிச் சொன்னார். உள்ளறையில் பெண்கள் ஆமீன் சொன்னார்கள்.